வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளை வண்டியில் கூட்டிப் போவது: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு விவரம் வேண்டும்

கெடிலக்கரை எழுதியது:
வணக்கம். பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்புப் பராமரிப்புக்காக (போஸ்டர் கேர்) மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். குழந்தைகள் நலக் குழுவின் ஆணை வந்ததும் அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் வருவார்கள். பெண்ணுக்கு 14 வயது, பையனுக்கு 7. வீடு மஞ்சக்குப்பம், பள்ளி திருப்பாதிரிப்புலியூர் பக்கம். பையனை மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் காட்ட வேண்டும். பெற்ற தாயைச் சந்திக்கும் நாட்களும் உண்டு. வீட்டில் ஒரு சின்ன காரும் ஒரு ஸ்கூட்டரும் இருக்கின்றன. வண்டியில் என்ன தயார் செய்ய வேண்டும், ஓட்டும்போது எதில் கவனம் வேண்டும்? பெல்ட் போடுங்கள் என்பதற்கு மேல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர் பட்டறை எழுதியது:
பெல்ட்டுக்கு மேல போறதுக்கு முன்னாடி பெல்ட்டையே ஒழுங்காப் பார்த்துடுவோம் அக்கா. நம்ம ஊர் சின்ன கார்கள்ல பின்சீட்டு பக்கிள் பாதிக்கு மேல சீட் கவருக்கு அடியிலதான் கிடக்கும். கவர் தைக்கிறவர் அதுக்கு ஓட்டை விட்டிருக்க மாட்டார். முதல்ல அதை வெளியில எடுங்க. முன்சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கிற வண்டின்னா முன்சீட்டு கவரையும் கழற்றணும். கவர் மூடியிருந்தா அந்த ஏர்பேக் சரியா விரியாது.

அடுத்து ஒவ்வொரு பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. ஓரம் பிசிறி இருந்தாலோ, வெட்டு இருந்தாலோ, வெயில்ல வெளுத்து விறைச்சுப் போயிருந்தாலோ மாத்தணும். விட்டா தானா உள்ள போகணும். வெடுக்குனு இழுத்தா பிடிச்சுக்கணும். பிடிக்கலைன்னா அந்தச் சுருளே போச்சு, எண்ணெய் விட்டுச் சரி பண்ற வேலை இல்ல. கடற்கரை ஊர்ல பழைய வண்டின்னா பெல்ட் போல்ட் இறங்குற இடத்துல தரைத்தகடு துருப்பிடிச்சிருக்கான்னு கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க.

அலாரம் அடிக்காம இருக்க பக்கிள்ல சொருகுற இரும்பு நாக்கு வண்டியில இருந்தா தூக்கிப் போடுங்க. 2023ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகள்ல இருந்து அதை எடுக்கச் சொல்லி உத்தரவே போட்டது.

7 வயசுப் பையனுக்கு வெறும் பெல்ட் போதாது. தோள்பட்டை கழுத்துல ஏறும், இடுப்புப்பட்டை வயித்துல ஏறும். மோதுற நேரத்துல வயித்துல இருக்கிற பட்டை குடலையும் முதுகெலும்பையும் நசுக்கும். கழுத்தை அறுக்குதுன்னு பிள்ளைங்க தோள்பட்டையைக் கைக்கு அடியில விட்டுக்குவாங்க, அப்போ விலா எலும்பு போகும். முதுகு வச்ச பூஸ்டர் சீட் (பெல்ட் சரியான இடத்துல படியுற மாதிரி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கிற சீட்) வாங்குங்க, 15 முதல் 36 கிலோ வகை. இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 072 முத்திரையோ, ஐரோப்பியத் தரமான ஆர்44, ஆர்129 முத்திரையோ இருக்கணும். மூணு இடத்துல பிடிக்கிற பெல்ட் இருக்கிற சீட்டுலதான் பூஸ்டரை வைக்கணும். நடுவுல இடுப்புப்பட்டை மட்டும் இருந்தா அங்க வைக்கக் கூடாது. செகண்ட்ஹேண்ட் வேணாம். விபத்துல அடிபட்ட சீட்டா இல்லையான்னு வெளியில பார்த்துத் தெரியாது.

பூஸ்டரை எப்போ எடுக்கலாம்னா, வயசைப் பார்க்காதீங்க. முதுகு சீட்டுல முழுசா ஒட்டி உட்காரணும், முழங்கால் சீட்டு ஓரத்துல மடங்கணும், இடுப்புப்பட்டை இடுப்பெலும்பு மேல படியணும், தோள்பட்டை காறையெலும்பு நடுவுல போகணும், போய்ச் சேர்ற வரைக்கும் சரியாம அப்படியே உட்காரணும். இதுல ஒண்ணு தவறினாலும் பூஸ்டர்தான். சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வந்தா இதெல்லாம் தானா அமையும்.

தேவனாம்பட்டினம் எழுதியது:
பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பையை முதுகிலிருந்து கழற்றிய பிறகே பெல்ட். பை முதுகில் இருந்தால் பிள்ளை முன்னால் தள்ளி உட்காரும், பட்டை தொளதொளவென்று நிற்கும். சித்திரை வைகாசியில் பக்கிளின் இரும்பை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள், வெயிலில் நின்ற வண்டியில் தோல் பொசுங்கும் அளவுக்குச் சுடும். 20 லிட்டர் தண்ணீர் கேன், சிலிண்டர் எதுவும் பின்சீட்டுக்குப் பின்னால் கட்டாமல் கிடக்கக் கூடாது.

சட்டம் வேண்டும் என்றால்: 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். பொறுப்பு ஓட்டுபவருக்கு.

குழந்தைநலப் பணியாளர் எழுதியது:
காகித வேலையைச் சொல்கிறேன். நலக் குழு ஆணையின் நகல் ஒன்று, பிள்ளைகளின் மருத்துவக் குறிப்பு, ஒவ்வாமை விவரம், அலகு அலுவலரின் எண், 1098 (சிறார் உதவி), 108 (ஆம்புலன்ஸ்), 112 (காவல், அவசர உதவி) ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு, கண்ணில் படாதபடி முன்பெட்டியில் வையுங்கள். அசல் ஆணை வீட்டில் இருக்கட்டும். டேஷ்போர்டு மேலே “நலக் குழு” என்று எழுதிய கோப்பு கிடந்தால் பெட்ரோல் போடுகிற பையன் வரைக்கும் படித்துவிடுவான். இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காரில் உட்கார்ந்திருக்கும் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

வண்டிச் சோதனையில் “யார் பிள்ளைங்க?” என்று கேட்டால், “எங்க வீட்டுப் பிள்ளைங்க, எங்க பொறுப்பு” என்பது பிள்ளைகள் காதில் விழ வேண்டிய பதில். அதற்கு மேல் கேட்டால் வண்டியை ஓரம் கட்டி, நீங்கள் மட்டும் இறங்கி, தள்ளி நின்று ஆணையைக் காட்டுங்கள்.

ஜிப்மர் விஷயம் முக்கியம். கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் நமக்கு அடுத்த தெரு மாதிரி. ஆனால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம், வேறு நலக் குழுவின் எல்லை. மாதாமாதம் போகப் போகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே அலகுக்கு எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே ஒப்புதல் வாங்கி, அதன் நகலையும் அந்த உறையில் சேருங்கள். ஒவ்வொரு முறையும் போனில் கேட்டுப் போவது பிள்ளைக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

உங்கள் வீட்டில் யார் யார் ஓட்டுவார்கள் என்பதும் அலகுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “பக்கத்து வீட்டு சார் அந்தப் பக்கம்தான் போறார், அவர்கூட அனுப்பிடலாம்” என்ற பேச்சே வேண்டாம்.

அரியாங்குப்பம் எழுதியது:
பின் கதவுகளில் சைல்டு லாக் கட்டாயம் போடுங்கள். கதவைத் திறந்தால் விளிம்பில், பூட்டுக்குக் கீழே சின்ன நெம்பு இருக்கும். சில வண்டிகளில் சாவி நுனியால் திருப்ப வேண்டும். போட்ட பிறகு நீங்களே பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை முதலில் இறக்கிவிட்டு, கதவைச் சாத்தி, உள்கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். திறக்கக் கூடாது. பிறகு கையை வெளியே விட்டு வெளிக்கைப்பிடியால் திறந்துகொள்ளலாம். ஜன்னல் பூட்டு ஸ்விட்ச் ஓட்டுநர் கதவில் இருக்கும், அதையும் போடுங்கள். ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடும் பிள்ளைகள் உண்டு, அது சேட்டையால் வருவதில்லை, பயத்தால் வருவது.

குழந்தைநலப் பணியாளர் எழுதியது:
பயத்தால் வருவது என்பதால்தான் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அறையில் பூட்டி வைக்கப்பட்ட பிள்ளைகள் இவர்களில் இருப்பார்கள். கதவை இழுத்துப் பார்த்து அது திறக்கவில்லை என்றால், அந்த நொடியில் அவர்களுக்கு நாம் யாராகத் தெரிவோம் என்று யோசியுங்கள். பையன் பக்கம் லாக் சரி. ஆனால் வண்டி கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்: “இந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, ரோட்டில வண்டி போறதால. நின்னதும் நான் வந்து திறப்பேன். எப்போ இறங்கணும்னாலும் சொல்லு, நல்ல இடம் பார்த்து நிறுத்துறேன்.” சொன்னால் நிறுத்தவும் வேண்டும். 14 வயதுப் பெண்ணின் பக்கம் லாக் போடுவதை அவளுடைய கோப்பு விவரம் பார்த்து அலகோடு பேசி முடிவு செய்யுங்கள். ஓடிப்போன வரலாறு இருந்தால் போடலாம். இல்லாதபோது வெறும் பழக்கமாகப் போட வேண்டாம்.

அரியாங்குப்பம் எழுதியது:
ஏற்றுக்கொள்கிறேன். வெளியிலிருந்து திறக்கும் என்பதால் விபத்தில் ஆட்கள் காப்பாற்றத் தடை இல்லை, ஆனால் சென்ட்ரல் லாக்கும் சேர்ந்து விழுந்திருந்தால் வெளியிலும் திறக்காது. மோதினால் தானாகத் திறக்கும் வசதி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

தேவனாம்பட்டினம் எழுதியது:
யார் எங்கே உட்காருவது என்பதையும் சொல்லிவிடலாம். தம்பி இடது பின்சீட்டில். நம் ஊரில் இடது பக்கம்தான் ஓரம், இறங்கும்போது வண்டிகள் வராது. கண்ணாடியில் திரும்பாமலேயே அவன் முகமும் தெரியும். கலவரப்படுகிற பிள்ளையை ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார வைக்கக் கூடாது. சீட்டை உதைப்பது, கழுத்தைப் பிடிப்பது, தலைமுடியை இழுப்பது எல்லாம் அங்கிருந்துதான் நடக்கும். இன்னொரு பெரியவர் கூட வந்தால் அவர் முன்சீட்டில் உட்காராமல் இருவருக்கும் நடுவே பின்னால் உட்கார்ந்தால் அவர் வந்ததற்குப் பயன் உண்டு. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பின்னால்தான். அந்தப் பெண் முன்னால் வர விரும்பினால் சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, கால்களை டேஷ்போர்டில் வைக்காமல் உட்காரச் சொல்லுங்கள்.

ஓட்டும்போது கத்தல், அடிதடி, பெல்ட் கழற்றல் என்று ஆரம்பித்தால் திரும்பிப் பார்த்துப் பேசாதீர்கள், கையைப் பின்னால் நீட்டாதீர்கள். குரலைத் தாழ்த்தி “நிறுத்தப் போறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். இடது இண்டிகேட்டர், வேகம் குறைப்பு. புறவழிச் சாலையின் ஓரத்தில் நிறுத்த வேண்டாம், அடுத்த பெட்ரோல் பங்க் அல்லது ஓட்டல் வாசலுக்குள் திருப்புங்கள். கைப்பிரேக், இன்ஜின் அணைத்து சாவி உங்கள் கையில். பிறகு பேசலாம். அடங்கும் வரை கிளம்ப வேண்டாம், மருத்துவமனை டோக்கன் தவறினாலும் பரவாயில்லை.

ஒரு பிள்ளை இறங்கி ஓடிவிட்டால் ரோட்டைத் தாண்டித் துரத்தக் கூடாது, துரத்துவதால்தான் பிள்ளை வண்டியின் குறுக்கே பாயும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கண்ணில் வைத்திருங்கள். அடுத்த பிள்ளையைத் தனியே காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. 112, பிறகு அலகு. என்ன உடை, எந்தப் பக்கம் போனான், எத்தனை மணி, இந்த மூன்றும் தயாராக இருக்கட்டும். கிளம்பும்போதே உடையின் நிறத்தை மனதில் வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

கெடிலக்கரை எழுதியது:
மிக்க நன்றி. காரில் தனியாக இருக்கும்போது பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். கஷ்டமான விஷயம் எதையாவது சொன்னால் என்ன செய்வது? உள்ளே ஒரு கேமரா வைத்துக்கொள்ளலாமா?

குழந்தைநலப் பணியாளர் எழுதியது:
முகம் பார்க்காமல் பேசலாம் என்பதால்தான் காரில் சொல்கிறார்கள். அதனால் சட்டென்று பிரேக் போட்டுத் திரும்பாதீர்கள். “சொன்னது நல்லதுமா. இதுல உன் தப்பு எதுவும் இல்ல” என்று சொல்லிவிட்டு, ஓட்டிக்கொண்டே காதுகொடுத்துக் கேளுங்கள். உங்கள் கை நடுங்கினால் நல்ல இடத்தில் நிறுத்துங்கள். யார், எங்கே, எத்தனை முறை என்று துருவக் கூடாது, அது விசாரணை செய்பவர் வேலை. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யவே கூடாது. “உனக்கு உதவுறவங்ககிட்ட மட்டும் சொல்லணும்” என்பதே உண்மையான பதில். வீடு சேர்ந்த உடனே அந்தப் பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதி, நேரம், வண்டி எந்த இடத்தில் போனது என்பதையும் குறியுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

உள்ளே பார்க்கும் கேமரா வேண்டாம் என்பேன்.

அரியாங்குப்பம் எழுதியது:
பராமரிப்பவர் மேல் பொய்ப் புகார் வந்தால் அவருக்கு என்ன பாதுகாப்பு? அதற்காகத்தான் கேமரா வைக்கிறார்கள். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

குழந்தைநலப் பணியாளர் எழுதியது:
கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பதிவில் இருப்பது ஒரு பிள்ளை அழுவதும் தன் வீட்டைப் பற்றிச் சொல்வதும். மெமரி கார்டு தொலைந்தால், வண்டியை சர்வீஸுக்கு விட்டால், அது யார் கைக்குப் போகும்? பாதுகாப்புக்கு அன்றன்றே எழுதும் பயணக் குறிப்பேடு இருக்கிறது. கிளம்பிய நேரம், கிலோமீட்டர் அளவு, எங்கே, யார் யார் வண்டியில், எங்கே நிறுத்தினோம், சேர்ந்த நேரம். இடையில் நிறுத்தினால் வீட்டுக்கு ஒரு மெசேஜ். தனியே கூட்டிப் போகக் கூடாது என்று அலகு சொன்ன பிள்ளையைத் தனியே கூட்டிப் போகாமல் இருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு. ரோட்டைப் பார்க்கும் கேமரா வைக்கலாம், உள்ளே ஒலிப்பதிவை அணைத்துவிட்டு.

முதுநகர் பட்டறை எழுதியது:
ஸ்கூட்டருக்கு வர்றேன். ஒரு ஓட்டுநர், பின்னாடி ஒரு ஆள், அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகளையும் ஒரே ஸ்கூட்டர்ல ஏத்தவே முடியாது. பையனை முன்னாடி கால் வைக்கிற தட்டுல நிக்க வைக்கிறது நம்ம ஊர் வழக்கம், அதை மறந்துடுங்க. பிரேக் பிடிச்சா அவன் முகம்தான் மீட்டர்ல போய் அடிக்கும். ஹேண்டிலும் திரும்பாது. விழுந்தா உங்க எடையும் அவன் மேல.

4 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பெரியவங்க ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில கவிழ்த்தா அது திருகித் திருகி கண்ணை மறைக்கும். தலையைச் சுற்றி நாடா வச்சு அளந்து அந்த அளவுக்கு வாங்குங்க, ஐ.எஸ். 4151 முத்திரையோட. வாரைப் போட்டபிறகு தாடைக்கும் வாருக்கும் நடுவுல இரண்டு விரல் நுழையலாம், அதுக்கு மேல கூடாது. பின்னாலிருந்து மேல தூக்கினா கழறக் கூடாது. பையனோட கால் பின்சீட்டுக் கால்தாங்கியில எட்டலைன்னா அவன் இன்னும் ஸ்கூட்டருக்கு வளரல. தொங்குற குதிகால் சக்கரத்துக்குள்ள போறதைத் தடுக்கத்தான் சாரி கார்டு, கழற்றியிருந்தா மாட்டுங்க. அந்தப் பொண்ணு துப்பட்டாவைப் பின்னால முடிச்சுப் போட்டு உள்ள சொருகணும்.

(9 மாசத்துல இருந்து 4 வயசுக்குள்ள பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு: பெல்ட் மாதிரி கட்டுற ஹார்னெஸ், ஹெல்மெட், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாது. 2022ல வந்த விதி, 2023 பிப்ரவரியில இருந்து நடைமுறை.)

வீராம்பட்டினம் எழுதியது:
இன்சூரன்ஸை யாரும் தொடவில்லை. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால், உங்கள் காரில் இருப்பவர்களும் ஸ்கூட்டரில் பின்னால் இருப்பவரும் அதில் வரமாட்டார்கள். முழுப் பாலிசி எடுங்கள், அதோடு பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பையும் இருக்கை எண்ணிக்கைக்குச் சேருங்கள். பெயர் கேட்காத காப்பு என்பதால் பிள்ளைகள் மாறினாலும் செல்லும். வெள்ளைப் பலகை (சொந்த உபயோக) வண்டியில் மற்ற பிள்ளைகளையும் ஏற்றிக் கட்டணம் வாங்கினால் இழப்பீடு கேட்கும் நாளில் கைவிரித்துவிடுவார்கள்.

பள்ளி வேனில் அனுப்புவதாக இருந்தால் மஞ்சள் வண்ணம், உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2012இல் வந்த பள்ளிப் பேருந்து விதிகள் இவற்றைக் கேட்கின்றன. வேனிலிருந்து யார் பிள்ளையை வாங்கலாம் என்ற பட்டியலைப் பள்ளிக்கும் ஓட்டுநருக்கும் எழுத்தில் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

தேவனாம்பட்டினம் எழுதியது:
ஜிப்மர் வழிக்கு: சனி ஞாயிறும் விடுமுறை நாட்களும் புதுச்சேரிக்குள் சுற்றுலாக் கூட்டம், அரியாங்குப்பம் தொடங்கி இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் வரை ஊர்ந்துதான் போகும். நின்று நின்று போகும் வண்டியில்தான் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். போனைப் பார்க்க விடாமல் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கவர், துண்டு, மாற்று உடை பின்சீட்டிலேயே இருக்கட்டும். வாந்தி எடுத்ததற்குத் திட்டு விழும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், “வந்தா கவர் இருக்கு” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரும்பு வெட்டுக் காலத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் இரவில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிப்பர்கள் போகும், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் சாத்தனூர் அணை திறந்தார்கள் என்று செய்தி வந்தால் தென்பெண்ணைக் கரையோரச் சாலைகளை விட்டுவிடுங்கள். ரோட்டில் ஓடுகிற தண்ணீரில் பிள்ளைகளோடு இறங்கக் கூடாது. ஒரு அடி ஆழம் ஓடினாலே சின்ன கார் மிதக்கத் தொடங்கும்.

மருந்து வாங்க இரண்டே நிமிடம் என்றாலும் பிள்ளைகளைப் பூட்டிய காரில் விடாதீர்கள். வெயிலில் பத்து நிமிடத்தில் உள்வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் வரை ஏறும். வீட்டு வாசலில் நிற்கும் காரையும் பூட்டியே வையுங்கள், விளையாட ஏறி உள்ளே மாட்டிக்கொள்வார்கள்.

வீராம்பட்டினம் எழுதியது:
14 வயதுப் பெண் இன்னும் ஓரிரு வருடத்தில் ஸ்கூட்டர் கேட்பாள். கியர் இல்லாத 50 சி.சி.க்குள் என்றால்தான் 16 வயதில் லைசென்ஸ், நம் வீடுகளில் இருப்பது 110, 125 சி.சி. அதற்கு 18. தெருவுக்குள் ஒரு ரவுண்டு கொடுத்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பொறுப்பாளரோ வண்டி உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து. அந்தப் பெண்ணுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வாழ்க்கையைத் தொடங்க வேண்டிய வயதில் அவளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! சாவி ஆணியில் தொங்காமல் உங்கள் கையில் இருக்கட்டும். அதற்குப் பதிலாக சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், சாலைக் குறியீடுகளைக் கற்றுக்கொடுங்கள், 18 ஆனதும் முறையான பயிற்சிப் பள்ளியில் சேர்க்க இப்போதே அலகோடு பேசி வையுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:
கடைசியாக ஒன்று. தாயைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் நாட்களுக்கு என்ன செய்வது?

குழந்தைநலப் பணியாளர் எழுதியது:
அன்று இரண்டு பெரியவர்கள் போங்கள். காலையிலேயே பிள்ளைகளிடம் எங்கே, எவ்வளவு நேரம், யார் இருப்பார்கள், எப்போது திரும்புவோம் என்று சொல்லுங்கள். வண்டியை வாசலில் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், கட்டிப்பிடித்து அழுத கையோடு கதவைச் சாத்த வேண்டியிராது. நடக்கும் அந்தத் தூரமும் அவர்களுக்கு வேண்டும். தாயைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடலாமே என்று மனசு சொல்லும். எழுத்தில் அனுமதி இல்லாமல் ஏற்ற வேண்டாம், வீட்டு முகவரியும் சொல்ல வேண்டாம். உறவினர் யாராவது பைக்கில் பின்னால் வருவது தெரிந்தால் வீட்டுக்குப் போகாமல் நேராகக் காவல் நிலையத்துக்கு ஓட்டுங்கள், கூட வந்த பெரியவரை அலகுக்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் “அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்காதீர்கள். தாயைப் பற்றிக் குறையும் வேண்டாம். அழுதால் அழட்டும். தண்ணீர் பாட்டில், துண்டு, கொறிக்க ஏதாவது கைக்கு எட்டும்படி வையுங்கள். கடலூர் சேர்ந்ததும் நேரே வீட்டுக்குப் போவதா, கடற்கரையில் பத்து நிமிடம் இறங்கி நிற்பதா என்று அவர்களைக் கேளுங்கள். அன்று மாலை டியூஷன், கோயில், விருந்து என்று வேறு எந்தப் பயணமும் வைக்காதீர்கள்.